ஆப் காட்டும் முதல் மருந்து எங்கிருந்து வருகிறது?

ஹோமியோபதியில் ரெப்பர்டரி என்பது நோய்க்குறிகளையும் அவற்றுக்கான மருந்துகளையும் பட்டியலிடும் நூல்; அதிலுள்ள ஒவ்வொரு குறித்தலைப்பும் ஒரு ரூப்ரிக். ரெப்பர்டரி ஆப்பில் ஐந்தாறு ரூப்ரிக்குகளைச் சேர்த்துப் பொத்தானை அழுத்தினால் மருந்துகள் வரிசைகட்டி வந்து நிற்கும். முதலிடத்தில் ஸல்பர், அடுத்து லைக்கோபோடியம், பிறகு பாஸ்பரஸ், கல்கேரியா கார்ப், செபியா. வேறொரு துயரரின் (நோயாளியின்) குறிகளைப் போட்டாலும் ஏறக்குறைய இதே பெயர்கள்தாம். ஹோமியோபதி மென்பொருளைக் கொஞ்ச காலமாவது பயன்படுத்தியவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போயிருக்கும். புதிதாக வருகிறவர்களில் சிலர் மென்பொருள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த முதல் பெயரை எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் இதனால் பயனே இல்லை என்று ஆப்பை நீக்கிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வரிசை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே தேவைப்படாது.

அமெரிக்க ஹோமியோபதி மருத்துவர் ஜேம்ஸ் டைலர் கென்ட்டின் ரெப்பர்டரி 1897-இல் வெளிவரத் தொடங்கியது. அதில் ஒரு குறிக்குக் கீழே வரும் மருந்துகள் மூன்று வகை எழுத்தில் அச்சாகியிருக்கும். தடித்த எழுத்துக்கு 3, சாய்வெழுத்துக்கு 2, சாதாரண எழுத்துக்கு 1. ஆப் செய்வது இந்த எண்களைக் கூட்டிக் காட்டுவது, அவ்வளவே. ஸல்பரும் கல்கேரியாவும் ஹோமியோபதியின் நிறுவனர் ஹானிமன் காலத்திலிருந்தே விரிவாக நிரூபணம் செய்யப்பட்டவை. நலமானவர்களுக்கு மருந்தைக் கொடுத்து, அவர்களிடம் தோன்றும் குறிகளைப் பதிவதுதான் நிரூபணம். அதனால் அவை எண்ணற்ற ரூப்ரிக்குகளில் இடம்பிடித்திருக்கின்றன. அதிகம் எழுதப்பட்ட மருந்து அதிக மதிப்பெண் வாங்குகிறது. ஆறு ரூப்ரிக்கிலும் ஒவ்வொரு மதிப்பெண் வாங்கிய ஒரு பெரிய மருந்தும், இரண்டே ரூப்ரிக்கில் மும்மூன்று மதிப்பெண் வாங்கிய ஒரு சிறிய மருந்தும் கூட்டுத்தொகையில் ஒன்றுதான். எத்தனை ரூப்ரிக்கில் வருகிறது என்பதையும் சேர்த்து வரிசைப்படுத்தும் ஆப்பில் இரண்டாவது மருந்து திரைக்குள்ளேயே வராது. நீங்கள் தேடிய மருந்து அதுவாகக்கூட இருக்கலாம்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓர் இளம் மருத்துவர், ஒற்றைத் தலைவலியோடு வந்த ஒருவரின் குறிகளைப் பதிவுசெய்துவிட்டுக் கேட்டார்: "சார், ஸல்பர்தான் முதல்ல வருது. கொடுத்திடலாமா?"

"என்னென்ன ரூப்ரிக் எடுத்தீங்க?"

தலைவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, எரிச்சல்படும் மனநிலை, பசியின்மை. யாரிடம் கேட்டாலும் இவற்றில் குறைந்தது மூன்று குறிகள் இருக்கும். ஒவ்வொன்றும் பக்கம் நிறைய மருந்துகள் கொண்ட பெரிய ரூப்ரிக். அவர் எழுதிவைத்திருந்த குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். துயரர் சொன்னது அப்படியே இருந்தது: "காலையில வெயில் ஏற ஏற வலி ஏறும் டாக்டர், பொழுது சாயச் சாயக் குறைஞ்சிடும்." இந்த ஒரு வாக்கியம் அவர் போட்ட எந்த ரூப்ரிக்கிலும் இல்லை. கென்ட்டில் தலை அத்தியாயத்தில் வலி என்ற பகுதிக்குள், சூரியனோடு ஏறி இறங்கும் வலிக்குத் தனி இடம் உண்டு. நேட்ரம் மூர், ஸாங்குநேரியா, ஸ்பைஜீலியா, கால்மியா போன்ற சில மருந்துகளே அங்கே இருக்கும். அதை முதலில் வைத்துப் பார்த்தபோது பட்டியலே வேறாகிவிட்டது. ஸல்பர் எங்கோ கீழே போய்விட்டது.

ஆர்கனான் என்ற தம் நூலின் 153-ஆம் பத்தியில் ஹானிமன் சொன்னது இதைத்தான். எல்லோருக்கும் பொதுவான குறிகளைவிட, வியப்பூட்டும், அரிதான, அந்த ஆளுக்கே உரிய குறிகளையே முதன்மையாகக் கருத வேண்டும் என்றார் அவர். கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. தலைவலி என்ற ரூப்ரிக்கும் சூரியனோடு ஏறும் வலி என்ற ரூப்ரிக்கும் அதற்கு ஒன்றே. வேறுபாட்டை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வழி இருக்கிறது. ஒரு ரூப்ரிக்குக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எடை கொடுக்கலாம். ஒரு ரூப்ரிக்கை வடிகட்டியாக வைத்து, அதில் இல்லாத மருந்துகளை விலக்கலாம். சிறிய ரூப்ரிக்குகளுக்குத் தானாகவே கூடுதல் மதிப்புக் கொடுக்கும் கணக்குமுறையும் சிலவற்றில் உண்டு. புதிய மென்பொருள் ஒன்றைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இந்த அமைப்புகளைத்தான். வண்ணமும் வரைபடமும் அதற்குப் பிறகு.

வடிகட்டியில் ஒரு எச்சரிக்கை. துயரர் தானாகவே சொன்ன, அழுத்திச் சொன்ன, சந்தேகமே இல்லாத குறியை மட்டும் வடிகட்டியாக வையுங்கள். நாம் கேட்டதற்கு "ஆமாம், அப்படியும் இருக்கும்" என்று அவர் ஒப்புக்கொண்ட குறியை வைத்தால், பொருத்தமான மருந்து சத்தமில்லாமல் வெளியே போய்விடும். எதை விலக்கினேன் என்று எந்த ஆப்பும் உங்களிடம் வந்து சொல்லாது.

கணினி வருவதற்கு முன்னால் இந்த வேலையை அட்டைகள் செய்தன. ஒரு குறிக்கு ஓர் அட்டை, மருந்துக்கு ஒரு துளை. எடுத்த அட்டைகளை ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், எந்தத் துளை வழியே ஒளி தெரிகிறதோ அந்த மருந்து எல்லாக் குறிகளிலும் இருக்கிறது என்று பொருள். 1980-களில் இது கணினிக்குப் போனது. கலிபோர்னியாவில் டேவிட் வார்க்கென்டின் மேக்ரெப்பர்டரியை உருவாக்கினார். பெல்ஜியத்தின் நமூர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பணியிலிருந்து ராடார் வந்தது. அதோடு சேர்ந்து வளர்ந்ததுதான் பிரெடெரிக் ஷ்ரோயன்ஸின் சிந்தஸிஸ் ரெப்பர்டரி. ரோஜர் வான் ஸாண்ட்வோர்ட்டின் கம்ப்ளீட் ரெப்பர்டரியும் கணினிக் காலத்தின் விளைவே. இவற்றில் ஏதாவது ஒன்றை முழுமையாகக் கற்றுக்கொள்வது, எல்லாவற்றையும் அரைகுறையாக வைத்திருப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தரவரிசை வேறு. கென்ட்டில் மூன்று தரம். சிந்தஸிஸிலும் கம்ப்ளீட்டிலும் நான்கு. போயனிங்ஹாசன் மரபில் வந்த போகரின் ரெப்பர்டரியில் ஐந்து. மேலும் ஒரே தரத்துக்கு எல்லா ஆசிரியர்களும் ஒரே பொருள் தரவில்லை. நிரூபணத்தில் எத்தனை பேருக்கு வந்தது, நோயாளிகளிடம் எத்தனை முறை உறுதியானது என்பதை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாக எடை போட்டார்கள். பல ரெப்பர்டரிகளிலிருந்து ரூப்ரிக்குகளை இழுத்து ஒரே பட்டியலில் கூட்டித் தரும் ஆப்கள் உண்டு. அந்தக் கூட்டுத்தொகையை நான் பொருட்படுத்துவதில்லை. தேடுவதற்கு எல்லா நூல்களையும் திறப்பேன். கூட்டுவது ஒரே நூலுக்குள்தான்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். ஒரு ரூப்ரிக்கில் ஒரு மருந்தைத் தொட்டால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஆப் சொல்ல வேண்டும். நல்ல மென்பொருள்களில் மருந்தின் பெயரோடு அதைச் சேர்த்த ஆசிரியரின் சுருக்கக் குறி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மெட்டீரியா மெடிகாவுக்கு, அதாவது ஒவ்வொரு மருந்தின் குறிகளையும் விவரிக்கும் மூலநூலுக்குப் போகலாம். டி.எஃப். ஆலனின் என்சைக்ளோபீடியா 1874 முதல் 1879 வரை தொகுதி தொகுதியாக வந்தது. நிரூபணம் செய்தவர் என்ன உணர்ந்தார் என்ற பதிவு அதில் கிடைக்கிறது. ஹெரிங்கின் கைடிங் சிம்ப்டம்ஸில் சிகிச்சையில் கண்டவையும் கலந்திருக்கும். கிளார்க்கின் அகராதி 1900-இல் வெளிவரத் தொடங்கியது. போரிக்கின் கையேடு 1901-இல் முதலில் வந்தது. 1927-இல் வந்த ஒன்பதாம் பதிப்பைத்தான் இன்றும் எல்லோரும் புரட்டுகிறோம். இவையெல்லாம் காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் இலவச ஆப்களிலும் இடம்பெறுகின்றன.

இந்தப் பழைய நூல்கள் அனைத்திலும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேட முடிவதுதான், என்னைப் பொறுத்தவரை, கணினி நமக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை. மதிப்பெண் கூட்டுவதைக் காகிதத்திலும் செய்துவிடலாம். ஆனால் இடது தோள்பட்டைக்குக் கீழே, படுத்தால் மட்டும் வரும் குத்தலைப் பத்துத் தொகுதிகளில் கையால் தேட ஒரு நாள் போதாது. மென்பொருளில் நொடியில் வருகிறது. அப்படித் தேடிப் போய்ப் பார்த்தால் சில நேரம் வியப்பாக இருக்கும். ரூப்ரிக்கில் தனியே கம்பீரமாக நிற்கும் ஒரு மருந்து, மூலநூலில் ஒரே ஒரு நிரூபணரிடம் ஒரே ஒரு முறை வந்த குறியாக இருக்கும். வேறு சில இடங்களில், ரூப்ரிக்கில் சாதாரண எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கும் மருந்துக்கு மூலநூலில் துயரர் சொன்ன வார்த்தையே கிடைக்கும். அன்று அந்த மருந்தை நான் பட்டியலின் மேலே ஏற்றிப் படிப்பேன்.

இலவச கென்ட் ஆப்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பல, புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றியதிலிருந்து வந்தவை. அந்த மாற்றத்தில் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் தொலைந்துபோனால் எல்லா மருந்தும் ஒரே தரமாகிவிடும். சுருக்கப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் மருந்தே மாறிவிடும். நிறுவியதும் நன்றாகத் தெரிந்த சில ரூப்ரிக்குகளை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மன அத்தியாயத்தில், ஆறுதல் சொன்னால் அதிகரிப்பு என்ற ரூப்ரிக்கில் நேட்ரம் மூரும் இக்னேஷியாவும் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். வயிறு அத்தியாயத்தில், அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கும் தாகத்தில் ஆர்சனிக்கம் அப்படி இருக்க வேண்டும். இந்த இரண்டிலேயே தடுமாறும் ஆப்பை நான் வைத்திருப்பதில்லை. திறமூலமாக இணையத்தில் கிடைக்கும் ஊரெப் (OOREP) ரெப்பர்டரி போன்றவற்றைத் தொடக்கநிலையில் தயங்காமல் பயன்படுத்தலாம்.

தேடல் பெட்டியை மட்டும் நம்பி கென்ட்டைப் படிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய அத்தியாயங்கள் மனத்தில் தொடங்கிப் பொதுக்குறிகளில் முடியும். ஒவ்வொரு குறிக்குள்ளும் முதலில் பக்கம், பிறகு நேரம், பிறகு சூழ்நிலைகள், பிறகு பரவும் திசை என்று ஒரு வரிசை உண்டு. வலி என்றால் இடத்தைச் சொல்லி முடித்த பிறகு, எரிவது, குத்துவது, துடிப்பது என்று வலியின் தன்மைப்படி மறுபடியும் இடங்களைச் சொல்லுவார். இந்த அமைப்புத் தெரியாமல் "எரிச்சல்" என்று தட்டினால் எந்தப் படியில் நிற்கிறோம் என்றே புரியாமல் ஏதோ ஒரு ரூப்ரிக்கைச் சேர்த்துவிடுவோம். மாணவர்கள் அச்சுப் பிரதியை ஓர் ஆண்டாவது கையில் வைத்துப் புரட்டிவிட்டு ஆப்புக்கு வரட்டும். பிறகு ஆப் அவர்கள் கைக்கு இரண்டு மடங்கு வேகம் கொடுக்கும்.

துயரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் போனைத் தொடுவதில்லை. அவர் தயங்கி, நிறுத்தி, கண்ணைத் திருப்பிக்கொண்டு சொல்லும் விஷயம் அந்த நேரத்தில்தான் வரும். நம் கண் திரையில் இருந்தால் அது வராமலே போய்விடும். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன். ரூப்ரிக்காக மாற்றுவது அதற்குப் பிறகு, முடிந்தால் அவர் போன பிறகு. மேஜைக் கணினியில் பெரிய திரையில் ஆராய்ச்சி, போனில் அவசரத்துக்கு ஒரு மருந்தைப் படித்துப் பார்ப்பது என்று பிரித்து வைத்திருக்கிறேன். போனில் வைத்திருக்கும் நூல்கள் இணைப்பில்லாமலும் திறக்க வேண்டும். அப்படித் திறக்காத ஆப் வேண்டியபோது உதவாது.

இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கென்ட்டில் நெஞ்சு அத்தியாயத்தில், இதயத்திலிருந்து இடது கைக்குப் பரவும் வலி என்று ரூப்ரிக் இருக்கிறது. ஆப்பில் அதைத் தட்டினால் மற்ற ரூப்ரிக்குகளைப் போலவே மருந்துகள் வரிசையாக வரும். எந்த எச்சரிக்கையும் வராது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிவு. இன்று அந்தக் குறியோடு ஒருவர் வந்தால் ரெப்பர்டரியைத் திறக்கவே கூடாது. உடனே ஆம்புலன்ஸ், உடனே இசிஜி. திடீரென வரும் கடும் தலைவலி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எல்லாமே அப்படித்தான். இவை அனைத்துக்கும் ரெப்பர்டரியில் பட்டியல் உண்டு. பட்டியல் இருப்பதால் அதை வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்று பொருளில்லை. நான் பயன்படுத்தும் குறிப்பு ஆப்பின் முதல் பக்கத்திலேயே இந்த அபாயக் குறிகளை எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். எந்தத் துயரரின் பதிவைத் தொடங்கினாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

இன்னொன்று, ஆப் காட்டும் விழுக்காடு. "பொருத்தம் 92 விழுக்காடு" என்று திரையில் தெரிந்தால், எதிரில் இருப்பவர் அதைக் குணமாகும் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வார். நாம் தேர்ந்தெடுத்த ரூப்ரிக்குகளோடு அந்த மருந்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு மட்டுமே அது. மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. அந்தக் கேள்வி தனியாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மற்றும் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்தரும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று சொன்னது. துயரர் இதைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ நிறுத்தச் சொல்ல, எந்த ஆப்பின் எந்த எண்ணும் நமக்கு உரிமை தரவில்லை.

மருந்துச் சீட்டை ஆப்பிலேயே எழுதுகிறவர்கள் தானியங்கி நிரப்புதலைக் கவனிக்க வேண்டும். காலி பைக்ரோமும் காலி ப்ரோமும் சுருக்கத்தில் ஓர் எழுத்துதான் வேறுபடும். மெர்க் சால், மெர்க் கார் இரண்டும் அடுத்தடுத்து வரும். நாம் பாதி எழுதும்போதே ஆப் மீதியைத் தானாகப் போட்டுவிடும். வீரியத்தில், அதாவது மருந்தை எவ்வளவு நீர்த்தது என்பதில், இது இன்னும் கவலைக்குரியது. 3எக்ஸ் என்றால் மூன்று முறை பத்துக்கு ஒன்று நீர்த்தது, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 30சி என்றால் முப்பது முறை நூறுக்கு ஒன்று. அதில் மூலப்பொருளின் மூலக்கூறு எஞ்ச வாய்ப்பே இல்லை. ஆர்சனிக், பாதரசம் போன்ற நச்சுப்பொருள்களிலிருந்து வரும் மருந்துகளில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஒருவருடைய உடலில் உண்மையான நஞ்சு போய்ச் சேரும். எனவே மருந்தின் முழுப்பெயர், வீரியத்தின் எண், அளவுமுறையின் எழுத்து மூன்றையும் நான் கையால் தட்டச்சு செய்கிறேன். நிரப்புதல் வசதியை அணைத்துவைத்திருக்கிறேன்.

துயரர் பதிவுகள் எங்கே போகின்றன என்பதை நிறுவும் முன்பே பாருங்கள். மெட்டீரியா மெடிகா படிக்கும் ஆப்புக்கு என் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுவேன். மறுத்தால் திறக்காது என்றால் நீக்கிவிடுவேன். மனக்குறிகளைப் பதிவு செய்யும் முறை நம்முடையது. வீட்டாரிடம்கூடச் சொல்லாததை நம்மிடம் சொல்லியிருப்பார்கள். மேகச் சேமிப்பில் ஏறும் பதிவில் பெயரோ தொலைபேசி எண்ணோ இருக்கக் கூடாது, ஒரு வரிசை எண் போதும். அந்த எண் யாருடையது என்பது பூட்டிய அலமாரியில் இருக்கும் பேரேட்டில்.

ஆப்கள் நிரந்தரமும் இல்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் ஆப்கள் எல்லாம் ஐபோனில் ஒரே நாளில் திறக்காமல் போயின. பராமரிப்பாரின்றி விடப்பட்ட மருத்துவக் குறிப்பு ஆப்கள் திரும்ப வரவே இல்லை. நான் பயன்படுத்திய ஒரு மென்பொருளும் புதுப்பிப்பு நின்றுபோய் ஒரு கட்டத்தில் புதிய கணினியில் இயங்க மறுத்தது. பதிவுகளைச் சாதாரண உரையாகவும் பிடிஎஃப் ஆகவும் மாதந்தோறும் வெளியே எடுத்துவைக்கும் பழக்கம் இருந்ததால் எதுவும் தொலையவில்லை. சந்தா கட்டும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சந்தா முடிந்த பிறகு என் பழைய பதிவுகளை நான் படிக்க முடியுமா?

இப்போது பலர் ரூப்ரிக் தேட செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைக் கேட்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். துயரர் சொன்ன வாக்கியத்தை ரெப்பர்டரியின் பழைய ஆங்கிலத்துக்கு மாற்ற நல்ல யோசனைகள் தருகின்றன. ஆனால் கென்ட்டில் இல்லவே இல்லாத ஒரு ரூப்ரிக்கை, அத்தியாயம், உட்பிரிவு, மருந்துகளின் தரம் எல்லாம் சேர்த்து, இருப்பதுபோலவே எழுதித் தரவும் அவற்றால் முடிகிறது. அது தந்த ரூப்ரிக்கை உண்மையான ரெப்பர்டரியில் திறந்து கண்ணால் பார்த்தால் ஒழிய எடுத்துக்கொள்ளாதீர்கள். துயரரின் பெயரையோ அடையாளங்களையோ அங்கே தட்டாதீர்கள்.

இந்தத் துறையில் இப்போதுதான் நுழைகிறீர்கள் என்றால், கென்ட்டின் தரம் சரியாகத் தெரியும் ஓர் இலவச ரெப்பர்டரியும், இணைப்பில்லாமல் திறக்கும் போரிக்கும் போனில் இருந்தால் போதும். அவற்றோடு ஓர் ஆண்டு வேலை செய்யுங்கள். எந்த இடத்தில் கை தடுக்கிறது என்று குறித்துவையுங்கள். மூலநூல் தேடலா, பெரிய ரெப்பர்டரியா, பதிவுகளை நிர்வகிப்பதா என்பது அந்தக் குறிப்பிலிருந்து தெரியும். பணம் கட்டிப் பெரிய மென்பொருள் வாங்கும்போது விளக்கக் காட்சியில் அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டைப் பார்க்க வேண்டாம். உங்கள் பதிவேட்டிலிருந்து மருந்து தேடிக் களைத்துப்போன ஒரு பதிவைக் கொண்டுபோய், பெயரை மறைத்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே நீங்கள் போட்டுப் பாருங்கள்.